நம் மூத்தோர் கதையை நாமே எழுதி வைப்போம்

(சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாங்கள் மைக்கைப் பிடித்தால் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மலசலகூடம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, சேமலாப நிதி, சாராயம். இன்றைக்கு இவை ஒன்றும் கிடையாது. பின்வரிசையில் இருக்கும் அண்ணன்மார் நிம்மதியாக மூச்சு விடுவது இங்கே கேட்கிறது. இன்று நம்முடைய பாட்டன், பூட்டன் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

போன மாதம் மேற்கணக்கிலிருந்து ஒரு பிள்ளை எங்களைத் தேடி வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. "சேர், டீச்சர் குடும்ப மரம் வரைஞ்சுக்கிட்டு வரச் சொன்னாங்க. அப்பா பேர் தெரியும், தாத்தா பேர் தெரியும். தாத்தாவோட அப்பா பேர் வீட்டில யாருக்கும் தெரியலை. ஆபீஸ் பொஸ்தகத்துல பார்த்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டது. நாங்கள் சிரித்துவிட்டு, பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது எங்களுடைய மரத்தை மனதுக்குள் போட்டுப் பார்த்தோம். பூட்டன் பெயர் வந்தது. பூட்டியின் பெயர் வரவில்லை. நாற்பது வயது தாண்டி, ஊராரின் பெயர்களையெல்லாம் படிவத்தில் நிரப்பிக் கொடுக்கிற எங்களுக்கே இந்த நிலை.

அடுத்தவர் வீட்டுக் கதையைச் சொன்னால் சண்டை வரும். ஆகவே எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

எங்கள் அப்பாயியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நீலப் பூச்சு, பூட்டுப் பழுது, கயிறு போட்டுக் கட்டியிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரையும் பார்க்க விடமாட்டார். 2006ஆம் ஆண்டு அவர் காலமானார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் பெட்டியைத் திறந்தோம். ஒரு சேலை, வெற்றிலை உரல், பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், அடியில் கரையான் அரித்த தாள் கட்டு ஒன்று. எல்லாம் பூஞ்சணம் பிடித்து நாறியது. பிள்ளைகளுக்கு இருமல் வந்துவிடும் என்று அந்தக் கட்டை அப்படியே லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக் கொளுத்தினோம். கொளுத்தியவர் வேறு யாருமில்லை, நாங்கள்தான். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து படுத்துவிட்டார். வாய் குழறும். அந்த நிலையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "அண்ணனைப் பார்க்கணும்." அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, 1979இல் பெண்டு பிள்ளைகளோடு இந்தியா போனவர். ஆரம்பத்தில் கடிதம் வரும். 1983 கலவரத்துக்குப் பிறகு அது நின்றுபோயிற்று. அவருடைய விலாசம் எங்கே என்று வீட்டில் ஆளையாள் கேட்டோம். அப்பா கண்ணால் எங்களைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. அந்தக் கடித உறைகளெல்லாம் பெட்டிக்குள் இருந்த கட்டில்தான் இருந்திருக்கின்றன.

பெரியப்பா ஏன் போனார் என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இங்கே இருக்கும் பிள்ளைகளிலும் பலருக்குத் தெரிந்திராது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? இங்கே பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேருமே இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபித்துக் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவருக்குத் தாளுக்கு எங்கே போவது? 1949இல் இன்னொரு சட்டம் வந்து, விண்ணப்பம் போடலாம் என்றார்கள். போட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு. இரவு ரயிலில் தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பல். 1984இல் சண்டையால் அந்தக் கப்பலும் நின்றது.

பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் ஒரு சனமே நாடற்றுப் போனது. ஆகவே இது வேலை வெட்டி இல்லாதவர்கள் பேசும் பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை ஒருவாறு தீர்ந்துவிட்டது. ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் மூன்றாவது பெயர் என்று சேமலாப நிதி கிடைக்காமல் அலைகிற அம்மாமார் இன்றைக்கும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். மாரியாயி, மாரியாய், மாரியம்மா மூன்றும் ஒருத்திதான் என்று சொல்ல ஒரு பழைய ஆள், ஒரு பழைய தாள் தேவைப்படுகிறது.

பெரியப்பாவைத் தேடிய கதைக்கு வருவோம். தாள் இல்லை. அப்பாவின் ஞாபகத்தில் இருந்தது "கோத்தகிரிப் பக்கம்" என்ற ஒரு சொல் மட்டும். நாங்கள் செய்தது இதுதான். பெரியப்பா போன அதே ரயிலில் இந்தத் தோட்டத்திலிருந்து வேறு யார் யார் போனார்கள் என்று லயம் லயமாகக் கேட்டோம். ஒரு தோட்டத்து ஆட்கள் கூட்டமாகத்தான் போனார்கள், போன இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருப்பார்கள் என்பது ஒரு கணக்கு. பணியகணக்கில் தொண்ணூறு வயதைத் தொட்ட ஆச்சி ஒருவரின் தங்கச்சி குடும்பமும் அதே கப்பலில் போயிருந்தது. அவர்கள் கூடலூரில் தேயிலைத் தோட்டத்தில். அவர்களுடைய சம்பந்தி வீட்டாருக்குக் கோத்தகிரியில் ஆள் தெரியும். இப்படி ஒருவர் மாற்றி ஒருவராக மூன்று மாதத்தில், 2017ஆம் ஆண்டு, பெரியப்பாவின் மூத்த மகளின் தொலைபேசி இலக்கம் கைக்கு வந்தது.

பெரியப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னமே இறந்துவிட்டிருந்தார்.

அக்கா அந்தப் பக்கம் அழுதார். அப்பாவின் காதில் தொலைபேசியை வைத்துப் பிடித்தோம். "சித்தப்பா, அப்பா கடைசி வரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசுவாரு" என்று அக்கா சொன்னது எங்களுக்கும் கேட்டது. அப்பாவால் பேச முடியவில்லை. அன்றைக்குப் பெட்டியைக் கொளுத்தாமல் இருந்திருந்தால் என்று அதற்குப் பிறகு எத்தனை இரவு நினைத்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அக்காவோடு வாரத்துக்கொரு தடவை பேசுவோம். பேசும்போது ஒரு புதினம் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் பூட்டனைப் பற்றிச் சொல்லி வந்த கதை என்னவென்றால், அவர் பெரிய ஆள், இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கோட்டும் தலைப்பாகையுமாகக் கப்பலேறியவர், சில்லறைக் கங்காணி. சுவரில் அவர் படம் மாலையோடு இருக்கிறது. பெரியப்பா தம் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையோ வேறு. புதுக்கோட்டைப் பக்கம் மழை இல்லாமல் மூன்று போகம் பொய்த்து, கடன்காரனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர். வந்தபோது அவரும் ஒரு கங்காணிக்குக் கடனாளி. கோட்டெல்லாம் பிறகு வந்தது என்று. ஒரே பூட்டன், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கதை, இந்தப் பக்கம் ஒரு கதை.

இன்னும் இருக்கிறது. எங்களுக்கு உதவி செய்த அந்தப் பணியகணக்கு ஆச்சியிடம் நன்றி சொல்லப் போனோம். பேச்சுவாக்கில் பூட்டன் பெயரைச் சொன்னதும் ஆச்சியின் முகம் மாறியது. "அவரு பேரனோட மகனாப்பா நீ? எங்கப்பாருக்குத் துண்டு கெடைக்க விடாமப் பண்ணினவரு உங்க பூட்டன். ரெண்டு வருஷம் வச்சிருந்தாரு. எங்கப்பாரு சாகுற வரைக்கும் சொல்லுவாரு" என்றார்.

இளம் பிள்ளைகளுக்குத் துண்டு என்றால் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி நினைத்தபடி தோட்டம் மாறிப் போய்விட முடியாது. அவர் பேரில் கங்காணியின் கணக்கில் கடன் இருக்கும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கடன். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடலாம் என்று எழுதிய துண்டுச் சீட்டு இருந்தால்தான் வேறு தோட்டத்தில் பேர் பதிவார்கள். புதுத் தோட்டம் கடனைக் கட்டும், அந்தக் கடன் அங்கே தொடரும். கங்காணிக்குத் தன் ஆட்கள் வேலைக்கு நிற்கும் நாளுக்குத் தலைக்காசு உண்டு, அதனால் ஆள் போவதை விரும்பமாட்டார். 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆனால் ஆச்சியின் மனதில் அது நிற்கவில்லை.

அன்றைக்கு எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆச்சியிடம் என்ன சொல்வது? "மன்னிச்சுக்கங்க ஆச்சி" என்றோம். "நீ என்னாப்பா செய்வ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். வீட்டுக்கு வந்து கொப்பியில் மூன்று கதையையும் எழுதினோம். படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று தம்பி சொன்னான், அம்மா விடவில்லை. அது இன்னும் தீராத வழக்கு.

சரி, நீங்கள் எங்கே தொடங்குவது? பெரியவர்களிடம் "எந்த வருஷம் வந்தீங்க, எந்த வருஷம் பிறந்தீங்க" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் வருஷத்தை இலக்கத்தால் எண்ணியவர்கள் அல்ல. எந்தத் துரை காலம், எந்த மலையில் புதுத் தேயிலை வைத்த காலம், அப்போது எந்தப் பிள்ளை கையில் என்று கேளுங்கள். காந்தி மலைநாட்டுக்கு வந்தது 1927. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942. தனுஷ்கோடியைப் புயல் அடித்துப்போனது 1964 டிசம்பர். மாவுக்கும் அரிசிக்கும் அல்லாடிய பஞ்சம் 1974ஐ ஒட்டி. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975. கம்பெனிகளிடம் திரும்பக் கொடுத்தது 1992. எங்கள் பெரியம்மா ஒருவர், "தோட்டத்தைக் கவர்மெண்டு எடுத்த வருஷம் நான் பெரிய மனுசியானேன்" என்றார். அவர் 1962 வாக்கில் பிறந்திருப்பார் என்று அதிலிருந்து போட்டோம். பிறகு பத்திரம் கிடைத்தபோது ஒரு வருஷம்தான் பிசகு.

அதேபோல வந்த வழியைக் கேட்டாலும் காலம் தெரியும். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் தோணியிலும் கப்பலிலும் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காட்டுவழி, பேதி, காய்ச்சல். வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எவரும் சரியாக எண்ணவில்லை. கோப்பி பறித்துவிட்டு ஊரில் நெல் அறுக்கத் திரும்பிப் போவதும் உண்டு. 1869க்குப் பிறகு இலைநோய் வந்து கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும், ஆகவே குடும்பமாக வந்து தங்கினார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு சேர்ந்த கப்பல் ஓடத் தொடங்கியது. "மண்டபம் கேம்பு" என்று உங்கள் ஆச்சி சொன்னால் அவர்கள் வந்தது ரயில் வழி. "டின் டிக்கட்" என்று சொன்னால், தோட்டத்து அடையாளமும் எண்ணும் பொறித்த தகட்டோடு வந்த ஆட்கள். 1939இல் தோட்ட வேலைக்கு ஆள் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. ஆகவே "1945இல் கூலிக்கு வந்தார்" என்று யாராவது சொன்னால் இன்னொருமுறை கேளுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வந்ததாக இருக்கலாம்.

ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பங்கள் நிறைய. அங்கே குலதெய்வத்தைக் கேளுங்கள். எந்தச் சாமிக்கு முதல் முடி, எந்தச் சாமிக்குப் பிடிமண் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் கிட்டவரும். பாட்டுத் தெரிந்த ஆச்சிமாரைப் பாடச் சொல்லுங்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பெயரும் ஊரும் துரையும் கங்காணியும் வந்துவிடும். தோட்டத்தில் பிறந்து 1947இல் பாராளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், நம் சனங்கள் வாய்மொழியாகப் பாடியவற்றைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். அவர் எழுதியிராவிட்டால் அவற்றில் எத்தனை போயிருக்குமோ.

தாள்களைப் பொறுத்தவரை, முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். பழைய படிவத்தில் உள்ள பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். அதற்கடுத்த கூடு பூட்டனாருக்கு. நம்மவர்களில் பலருக்கு அங்கே ஒரு கோடுதான் கிழித்திருக்கும். எழுதியிருந்தால் பொக்கிஷம். பிரசாவுரிமைச் சான்றிதழ், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, இந்தியா போக எடுத்து, பிறகு போகாமல் விட்ட குடும்ப அட்டை, கூப்பன் புத்தகம், சங்கத்துச் சந்தா அட்டை, எதையும் எறிய வேண்டாம். வீட்டில் இல்லாததைக் கச்சேரிப் பதிவாளர் கிளையில் விண்ணப்பம் போட்டுத் தேடலாம். பாடசாலைச் சேர்வு இடாப்பு, வேதக்காரக் குடும்பமென்றால் கோயில் ஞானஸ்நானப் புத்தகம், தோட்டத்து ஆபீஸில் பழைய செக்ரோல் இவற்றிலும் பெயர் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்துக்கு நம் சனம் வைத்த பெயர் ஒன்று, வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று. ஆச்சி சொல்வது தமிழ்ப் பெயர், தாளில் இருப்பது இங்கிலீஷ் பெயர். இது தெரியாமல் ஒரு தம்பி ஆறு மாதம் இல்லாத தோட்டமொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அது அவர் பிறந்த தோட்டமேதான்.

தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்களே போன இடத்தில் தாள் எங்கே மிஞ்சும்? நம் லயங்கள் எந்தச் சரிவில் நிற்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

கேட்கக்கூடாத இடமும் உண்டு. சில ஆச்சிமாருக்குச் சொல்ல விருப்பமில்லாத கதை இருக்கும். வளர்த்த பிள்ளை, ஓடிப்போன புருஷன், சாதி விட்டுக் கட்டிய கல்யாணம், 1977இலும் 1983இலும் பட்டது. அவர்கள் வாயை மூடினால் விட்டுவிடுங்கள், வேறொரு நாள் அவர்களாகச் சொல்வார்கள், அல்லது சொல்லாமலே போவார்கள். அது அவர்கள் உரிமை. சொன்னதை லயம் முழுக்கப் பரப்புவதும் கூடாது. ஆனால் "கள்ளத்தோணி" என்று பஸ்ஸில் யாரோ திட்டியதற்காக, வந்த கதையையே பிள்ளைகளுக்கு மறைத்த பெரியவர்கள் நிறையப் பேர். அந்த வெட்கம் நமக்கு வேண்டியதில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பழைய வழியில் நம்மவர்கள் பகிரங்கமாக நடந்து போனார்கள். கம்பளைப் பக்கம் தோட்டத் தொழிலாளருக்கென்றே, பழைய லயத்தில், ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூடையும் படங்கும் குழவிக்கல்லும் அங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. பாடசாலைச் சுற்றுலா போகும்போது சீதா எலியாவோடு அதையும் சேர்த்துக்கொள்ளும்படி டீச்சர்மாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் விஷயம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆபீஸில் அனுமதி வாங்கி, ஸ்டோர் அறையில் கிடந்த பழைய செக்ரோலில் அவள் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்தோம். தகப்பன் பெயர் அதில் இல்லை. ஆனால் அவரோடு ஒரே நாளில் பேர் பதிந்த ஐந்து பேரின் பெயர் இருக்கிறது. அவர்களில் ஒருவருடைய மகன் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரை விட்டுவிடாதே என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம்.

அந்தச் செக்ரோலில் எலி கடித்ததுபோக மிச்சப் பக்கங்களைப் பிரதி எடுக்க வேண்டும். துரை சம்மதித்திருக்கிறார். எழுத்துத் தெளிவாக உள்ள மூன்று பேர் தேவை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொப்பியும் பேனையுமாக இங்கே வாருங்கள். பெயரை வாசித்தால் ஆளைச் சொல்லக்கூடிய ஆச்சி, தாத்தாமாரும் வர வேண்டும். நாங்கள் தேத்தண்ணி வைத்திருப்போம். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.